அலமாரியில் நிற்கும் கோப்பை



எங்கள் வீட்டு முன்னறை அலமாரியில் ஒரு கோப்பை நிற்கிறது. முழங்கை உயரம் இருக்கும். வீட்டுக்கு வருவோர் அதைக் கண்டதும், ‘மாஷா அல்லாஹ், எப்போது வென்றீர்கள்?’ என்று கேட்பார்கள். முன்பெல்லாம் நான் பெருமையோடு பதில் சொல்வேன். இப்போது, ‘அதை நாங்கள் வெல்லவில்லை; பறித்துக்கொண்டோம்’ என்கிறேன். அந்தக் கதையை எழுதுவதில் எனக்குக் கூச்சம் உண்டு. ஆயினும், பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு அது பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையில், மணமேல்குடிக்கும் மீமிசலுக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். ஆண்களில் பாதிப் பேர் சபர் போனவர்கள். 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் எங்கள் பகுதித் தென்னைகளை வேரோடு சாய்த்தது. அப்படி வெறுமையான ஒரு தோப்பை உரிமையாளர் மனமுவந்து தர, அதைச் சமப்படுத்தி, இரு முனையிலும் மூங்கில் நட்டு, அஸர் தொழுகைக்குப் பின் சிறுவர்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுக்கத் தொடங்கினேன். இளமையில் கல்லூரி அணிக்கு ஆடியவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

கடற்கரை முஸ்லிம் ஊர்களுக்குக் கால்பந்து புதியதன்று. காயல்பட்டினத்து ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நினைவாக அகில இந்தியக் கால்பந்துப் போட்டியையே நடத்தி வருகிறது. அதிராம்பட்டினத்தின் மாலைகளும் பந்தோடுதான் கழிகின்றன. எங்கள் பக்கத்தில் எழுவர் ஆட்டங்களே மிகுதி. கோடை விடுமுறை வந்தால் ஊருக்கு ஒரு போட்டி நடக்கும். மின்விளக்கு, ஒலிபெருக்கி, பரிசுப் பணம், இப்போது யூடியூப் நேரலை. சபரில் இருப்பவர்கள் வேலை முடிந்த அறையில் அமர்ந்து தம் ஊர் ஆட்டத்தைப் பார்ப்பார்கள்.

2023ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் கழிந்த மே மாதத்தில், பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான போட்டி ஒன்றுக்கு எங்கள் அணியை அழைத்துச் சென்றேன். என் தங்கை மகனும் அந்த அணியில் இருந்தான். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. வயதுக்கும் குறைவான உடல். ஆனால் பந்து அவன் காலில் பட்டால் அடங்கிவிடும். அணியில் அவனைப்போல் சிறிய உருவத்தினர் மூவர். மூவரும் பயிற்சிக்கு ஒரு நாளும் தவறியவர்கள் அல்லர்.

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, அணிக்குப் புரவலராக இருந்த நண்பர் ஒருவர் உயரமான பையன் ஒருவனை அழைத்து வந்தார். பதினாறு முடிந்தவன். கையில் தம்பியின் பிறப்புச் சான்றிதழ் நகல். ‘எல்லாரும் செய்றதுதானே பாய், நாம மட்டும் ஏன் தோக்கணும்?’ என்றார். நான் மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. படிவத்தின் அடியில் உள்ள கையெழுத்து என்னுடையது.

இறுதியாட்டம் வரை வந்தோம். அன்று இரவு சவூதியில் இருந்த என் மச்சான், மகன் ஆடுவதைப் பார்க்க வேலைநேரத்தையே மாற்றிக்கொண்டு நேரலையில் காத்திருந்தார். இரண்டாம் பாதியில், மூலை உதையாக வந்த பந்தை அந்த உயரமான பையன் மற்றவர்களின் தலைக்கு மேலே எழும்பி வலைக்குள் தள்ளினான். ஒன்றுக்குச் சுழியம். மீதமிருந்த நேரம் முழுவதும் நான் கைக்கடிகாரத்தையே பார்த்தேன். மாற்று ஆட்டக்காரர்கள் அமர்ந்திருந்த பெஞ்சை நோக்கி ஒருமுறைகூடத் திரும்பவில்லை. என் மருமகன் காலுறையை மேலே இழுப்பதும் கீழே தள்ளுவதுமாக அங்கேயே இருந்தான். ஒரு நிமிடம்கூட அவன் ஆடவில்லை.

வண்டியில் ஊர் திரும்பும்போது எல்லோரும் பாடிக்கொண்டு வந்தார்கள். அவன் மட்டும் என் பக்கத்தில் அமர்ந்து, மெதுவாகக் கேட்டான்: ‘மாமு, நான் உள்ள எறங்கியிருந்தா நாம தோத்திருப்போமா?’

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். மறுநாள் அவன் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கைப்பேசி விளையாட்டில் மூழ்கிவிட்டான் என்று தங்கை வருந்தினாள். மச்சான் தொலைபேசியில் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

சில வாரங்கள் கழித்து, பள்ளிவாசலில் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நடக்கும் ஹதீஸ் வகுப்பில் ஹஜ்ரத் அவர்கள் இப்னு உமர் (ரலி) அவர்களைப் பற்றிப் பேசினார்கள். உஹதுப் போரின்போது அவர்களுக்கு வயது பதினான்கு. படையில் சேர ஆவலோடு முன்வந்தபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. அகழ்ப்போரின்போது வயது பதினைந்து, அனுமதி கிடைத்தது. புகாரியில் பதிவான செய்தி இது. பலமுறை கேட்டதுதான். அன்று மட்டும் என்னால் தலை நிமிர்ந்து உட்கார முடியவில்லை. ஊரின் உயிரே ஊசலாடிய நாளில், ஆள் பலம் குறைந்திருந்த நேரத்தில்கூட, ஒரு சிறுவனின் வயது வயதாகவே மதிக்கப்பட்டது. நானோ, ஒரு கோப்பைக்காகவும் பத்தாயிரம் ரூபாய்க்காகவும் ஒரு பையனின் வயதை மாற்றி எழுதக் கையெழுத்திட்டவன்.

இந்தப் பொய் எங்கள் ஊரோடு நிற்பதில்லை. வயதுப் பிரிவு ஆட்டங்களில் மோசடியைத் தடுக்க, இந்தியாவில் சிறுவர்களின் மணிக்கட்டு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் ஃபிஃபா அமைப்பு எம்.ஆர்.ஐ. படமே எடுக்கிறது. ஒரு பிள்ளையின் வயதைப் பெரியவர்கள் சொன்னால் நம்ப முடியாது, எலும்பைத்தான் கேட்க வேண்டும் என்ற நிலை நமக்கு வெட்கம் தர வேண்டும்.

ஆட்டத்தின் கணக்கில் பார்த்தாலும் அது நஷ்டமே. அந்த உயரமான பையனை எண்ணிப் பாருங்கள். தன்னைவிடச் சிறியவர்களோடு ஆடியதால், பந்தைக் காலில் அடக்கவோ, தலையை உயர்த்தி யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கவோ அவனுக்குத் தேவை வரவில்லை. உயரமும் வேகமும் போதுமாயிருந்தன. அடுத்த ஆண்டு தன் வயதினரோடு ஆடியபோது அந்த இரண்டும் எல்லோரிடமும் இருந்தன; கற்காமல் விட்டது மட்டுமே அவனிடம் மிஞ்சியது. அவனும் ஆட்டத்தை விட்டான். வெற்றி என்று நான் நினைத்த ஒன்றில், பெஞ்சில் அமர்ந்தவனும் கெட்டான், களத்தில் நின்றவனும் கெட்டான்.

வயதில் பொய் இல்லாத அணியிலும் இதே ஆபத்து வேறு வடிவில் உண்டு. ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறத்தாழ பதினொரு மாத வேறுபாடு. பன்னிரண்டு வயதில் அது பெரிய இடைவெளி. வெற்றியை மட்டும் எண்ணித் தேர்வு செய்பவர் முதலில் வளர்ந்தவனையே எடுப்பார். எடுக்கப்பட்டவனுக்குப் பயிற்சியும் ஆட்டமும் கிடைக்கும். விடப்பட்டவன் பின்னால் வளரும்போது, கற்க வேண்டிய காலம் கடந்திருக்கும்.

பிரான்சின் ங்கோலோ கான்டே 1991இல் பிறந்தவர். மாலி நாட்டிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. உருவம் சிறியது என்பதால் பெரிய பயிற்சிக் கழகங்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாரிஸ் அருகே சுரேன் என்ற ஊரின் சிறிய கழகம் அவரைத் தக்கவைத்துப் பல ஆண்டுகள் ஆட வைத்தது. 24 வயதில்தான் இங்கிலாந்தின் லெஸ்டர் அணிக்கு வந்தார். 2016இல் அந்த அணியோடும், 2017இல் செல்சி அணியோடும் லீக் பட்டம் வென்றார். 2018இல் உலகக் கோப்பை. சுரேனில் இருந்த யாரோ ஒரு பயிற்சியாளர், என்னைப்போல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நார்வே நாட்டில் 1987 முதலே சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகள் உள்ளன. பதினொரு வயதை எட்டும் ஆண்டுக்கு முன் புள்ளிப் பட்டியல் வெளியிடக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர்தான் எர்லிங் ஹாலண்ட். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2012இல் எடுத்த முடிவின்படி, சின்னஞ்சிறுவர் ஐவர் ஆட்டத்தில் தொடங்கி, எழுவர், ஒன்பதின்மர் என்று படிப்படியாக உயர்ந்து, அதன் பிறகே பதினொருவர் ஆடும் பெரிய மைதானத்துக்கு வர ஏற்பாடு செய்யப்பட்டது. ஆட்கள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளையின் காலுக்கும் பந்து அதிகமாக வரும் என்பதே இதன் அடிப்படை.

இது நமக்கு அந்நியமான சிந்தனையா? நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, நன்கு பழக்கப்பட்ட குதிரைகளுக்கு அல்ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரத்தையும், பழக்கப்படாதவற்றுக்கு ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரத்தையும் வகுத்தார்கள். அந்தப் பந்தயத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களும் ஓடியிருக்கிறார்கள். குதிரைக்குக் கிடைத்த அந்த நீதியை நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோமா?

ஹஜ்ரத் அவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். ‘தவ்பா ஒரு பக்கம் இருக்கட்டும். யாருடைய ஹக்கை எடுத்தீங்களோ அவங்ககிட்ட போங்க’ என்றார்கள். பரிசுப் பணம் ஏற்கனவே சீருடைகளாக மாறியிருந்தது. என் கையிலிருந்து அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு, கோப்பையையும் ஒரு துணிப்பையில் போட்டு, எங்களிடம் தோற்ற ஊருக்குப் போனேன். அந்த அணியின் பயிற்சியாளர் தேநீர் வாங்கிக் கொடுத்து, நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, ‘கோப்பைய நீங்களே வச்சுக்குங்க பாய். எங்க டீம்லயும் வயசு கூடுனவன் ஒருத்தன் இருந்தான்’ என்றார். பணத்தை மட்டும் இருவருமாகச் சேர்ந்து இரண்டு ஊர்ச் சிறுவர்களுக்கும் பந்துகளாக வாங்கினோம். கோப்பை திரும்பி வந்து அலமாரியில் அமர்ந்தது இப்படித்தான்.

அதன்பின் சில விதிகளை வகுத்துக்கொண்டோம். பள்ளிச் சான்றிதழும் ஆதாரும் ஒத்துப்போகாத எவரும் ஆடமாட்டார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட எந்த ஆட்டத்திலும் வந்த பிள்ளைகள் எல்லோரும் குறைந்தது பாதி நேரம் ஆடுவார்கள். சிறியவர்களுக்குத் தோப்பின் குறுக்கே சிறு களம் போட்டு நால்வர் நால்வராக ஆட வைக்கிறோம். வாரத்தில் ஒரு நாள் இடக்காலால் மட்டுமே ஆட்டம். அன்று சிரிப்புக்குக் குறைவிருக்காது.

இதற்கு விலை கொடுக்காமல் இல்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரு கோப்பையும் எங்கள் ஊருக்கு வரவில்லை. புரவலர் விலகிக்கொண்டார். ‘ஊர் மானம் போகிறது’ என்று தெருவில் நிறுத்திக் கேட்டவர்களும் உண்டு. வெல்ல வேண்டும் என்ற ஆசை தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த ஆசை இல்லாத பிள்ளை பந்தைத் துரத்தவே மாட்டான். ஆனால் அது பிள்ளையின் ஆசையாக இருக்கும் வரைதான் நல்லது. மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் நாற்பது வயதுக்காரரின் ஆசையாக அது மாறும்போது, பிள்ளை அவருக்குக் கருவியாகிவிடுகிறான்.

என் மருமகன் ஓராண்டுக்குப் பின் திரும்பி வந்தான். அவன் கால்களில் பழைய லாவகம் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. ஒரு மாலை அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘பரவால்ல மாமு’ என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் மன்னித்தானா, மரியாதைக்குச் சொன்னானா, எனக்குத் தெரியாது. விடுமுறையில் வந்த மச்சான் தோப்பு மதிலில் அமர்ந்து அவன் ஆடியதைப் பார்த்தார். அன்று மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். மச்சான் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை, கோப்பை வாங்கிய இரவில் நான் யார் முகத்திலும் காணவில்லை.

அஸ்லம் கோத்திரத்தார் அம்பெய்து பழகிக்கொண்டிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஒரு பிரிவினர் பக்கம் நிற்பதாகச் சொல்ல, மற்றப் பிரிவினர் எய்வதை நிறுத்திவிட்டார்களாம். அப்போது, தாம் அனைவருடனும் இருப்பதாகக் கூறி, எய்யச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவர் நிற்க வேண்டிய இடம் அதுவே என்று இப்போது எண்ணுகிறேன். பெஞ்சில் அமர்ந்திருப்பவனுக்கும் நாம் அவனோடு இருக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளை, அவர்களின் வயதையும் வளர்ச்சியையும் மதித்து வளர்க்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.