டைல்ஸை உடைக்கும் முன்... ஆச்சி கேட்ட ஒரு கேள்வி!

திருநெல்வேலி சிந்துபூந்துறையில், தாமிரபரணிக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த வீடு. கூடத்தில் நடந்தால் சில இடங்களில் ‘டொக்... டொக்...’ என்று சத்தம் கேட்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ மழை கொட்டியது. ஆறு கரை தாண்டி வீடுகளுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு, இந்தக் கூடத்தின் டைல்ஸ் ஒவ்வொன்றாகப் பிடி விட்டுத் தூக்கிக்கொண்டன. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்டார்கள். ஒருநாள் டைல்ஸ் விளிம்பு தடுக்கி ஆச்சி விழப்போனார். அதன் பிறகு யாரும் தள்ளிப்போடவில்லை.

காலை 8 மணிக்கு பிரேக்கர் மெஷினோடு வந்தார் டைல்ஸ் வேலைக்காரர். கூடவே, தொழில் பழக வந்திருக்கும் 19 வயதுத் தம்பி. முதல் ஒரு மணி நேரம் மெஷின் ஓடவே இல்லை. சுத்தியல் கைப்பிடியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டி, வெற்றுச் சத்தம் கேட்டதில் எல்லாம் சாக்பீஸால் குறி போட்டார். தண்ணீர் பைப்பும் ஒயரும் தரைக்கடியில் எங்கே போகின்றன என்று கேட்டுக் கோடு இழுத்தார்.

“அண்ணாச்சி, மெஷினுக்கு வாடகை ஓடிக்கிட்டு இருக்குல்லா?” என்றார் வீட்டுக்காரர்.

“பைப்பு எங்க போகுதுன்னு தெரியாம உளிய எறக்குனா, வாடகையோட பிளம்பர் கூலியும் சேரும்லா!”

அடுத்து, ஒயரில் வெட்டு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார். பிளக்கில் எர்த் பின் இருக்கிறதா, வீட்டின் ட்ரிப்பர் வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொண்டார். ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவைத்து, உள் அறைகளின் வாசலில் நனைத்த பழைய சேலைகளைத் தொங்கவிட்டார். பையிலிருந்து ஒரு என்95 மாஸ்க்கை எடுத்து, தம்பியின் முகத்தில் அழுத்தி மாட்டினார். தனக்கு ஒரு துண்டைக் கட்டிக்கொண்டார்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஆச்சி அப்போதுதான் கேட்டார். “எய்யா, அவனுக்குப் போட்டுட்ட. ஒனக்கு?”

“ஒண்ணுதான் ஆச்சி இருக்கு. எனக்கு இது பழகிட்டு.”

பழகுவதில்தான் ஆபத்து. டைல்ஸிலும் அதற்கடியில் இருக்கும் சிமென்ட் கலவையிலும் சிலிக்கா இருக்கிறது. உடைக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூளாகி நுரையீரலின் ஆழம் வரை போகும். வருடக்கணக்கில் சேர்ந்தால் சிலிக்கோசிஸ் நோய் வரும். வந்த பிறகு குணப்படுத்த முடியாது. வராமல் தடுக்கத்தான் முடியும். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக இதைப் பட்டியலிட்டிருந்தது. ஆனால், வீட்டுக் கூடம் தொழிற்சாலை இல்லை. இங்கே யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. மெல்லிய தூளைத் துண்டு தடுக்கவும் செய்யாது.

“அவுகளுக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா. அதுவரைக்கும் மெஷின் ஓட வேண்டாம்” என்றார் ஆச்சி. மகன் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் வந்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதன்பின் வேலை தொடங்கியது. குறி போட்ட டைல்ஸில் ஒன்றைக் கை உளியால் எடுத்து, மெஷின் உளி நுழைய இடம் செய்தார். “நேரா குத்தினா டைல்ஸ் தூளாகும், உளியும் கீழ மாட்டிக்கிடும். சாய்ச்சுப் பிடி, அடியில நுழைஞ்சு அதுவே தூக்கும். அழுத்தாத தம்பி, மெஷின் வெயிட்டே போதும்.” ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சொன்னார். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான், காலுக்கு ஷூ. செருப்போடு நிற்க விடவில்லை.

செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரேயரால் தரையை அவ்வப்போது லேசாக நனைத்தார்கள். தண்ணீர் தேங்கவும் கூடாது, மெஷின் மேல் படவும் கூடாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மெஷினை நிறுத்தி, விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். அதிர்வு தொடர்ந்தால் விரல் மரத்துப்போகும். சுவரோரத்து வரிசையை மட்டும் கை உளியாலேயே எடுத்தார். அங்கே மெஷின் அதிர்ந்தால் சுவர்ப் பூச்சு விடும்.

டைல்ஸுக்கு அடியில் பழைய ரெட் ஆக்சைடு தரை தெரிந்தது. டைல்ஸ் பிடிப்பதற்காக அன்றைக்குக் கொத்திவிட்ட தழும்புகள் எங்கும் இருந்தன. அடுப்பங்கரை வாசலோரம் மட்டும் ஒரு முழம் அளவுக்கு வழவழவென்று அப்படியே இருந்தது. பத்தமடைப் பாய் விரித்துப் படுத்த தரை. ஆச்சி குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

சாயங்காலம், இடுப்பு பிடிக்காமல் தூக்குவதற்காக, சாக்குகளைப் பாதி மட்டும் நிரப்பிக் கட்டினார்கள். துடைப்பத்தால் வறட்டுப் பெருக்கல் பெருக்காமல், ஈரத்துணியால் தரையைத் துடைத்தார்கள். கருப்பட்டிக் காபி வந்தது. அதைக் குடிக்கும் முன், கைகால் முகம் கழுவி, அழுக்குச் சட்டையைக் கழற்றித் தனிப்பையில் போட்டுக் கட்டினார் வேலைக்காரர்.

“வீட்டுக்குப் போனதும் சின்னவ ஓடிவந்து மேல ஏறுவா, ஆச்சி. இந்தத் தூசி அவளுக்கு வேண்டாம்லா!”