குரக்கு வலி

முழங்காலின் கீழே, பின்புறத்தில் திரண்டு நிற்கும் சதையைக் கெண்டைக்கால் என்பர். நடுவே பருத்து இருமுனையும் ஒடுங்கிய அதன் வடிவில் கெண்டைமீனைக் கண்டு பெயரிட்டவர் யாரோ, கூரிய கண்ணுடையவர்! ஓடும்போது உடலின் பளுவை உந்தித் தள்ளும் அத்தசை, சில வேளைகளில் திடுமெனச் சுருங்கிக் கல்லைப்போல் இறுகிவிடும். ஓடியவன் அடுத்த அடி வைக்கமாட்டாமல் தரையில் விழுந்து துடிப்பான். இதுவே குரக்கு வலி. தசைப்பிடிப்பு என்றும் கூறுவர்.

வியர்வையோடு உப்பு வெளியேறுவதே இதற்குக் காரணம் என்பது நெடுநாளைய கருத்து. அக்கருத்து வலுப்பெற்றது விளையாட்டுக் களத்தில் அன்று, நிலக்கரிச் சுரங்கத்தில். இங்கிலாந்தில் ஆழ்ந்த சுரங்கங்களின் வெப்பத்தில் உழைத்தோர், வியர்வை பெருகப் பெருக வெறுந்தண்ணீரையே பருகினர். பின்னர் வலியால் முறுக்குண்டனர். குடிநீரில் சிறிது உப்பைச் சேர்த்தால் அவ்வலி தணியும் என்பதை நெவில் மாஸ் என்னும் ஆய்வாளர் 1923-ஆம் ஆண்டில் எழுதினார்.

ஆயினும், உப்பு ஒன்றே காரணம் எனக் கொண்டால் விளங்காத செய்திகள் உண்டு. 2014-ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் கூடைப்பந்து இறுதிப்போட்டிகளுள் முதலாவது நடந்தது. அரங்கின் குளிரூட்டும் பொறி பழுதுற்றது. இரு அணியினரும் ஒரே வெக்கையில் ஆடினர். எனினும், முடியும் தறுவாயில் ஆட முடியாமல் வெளியேறியவர் மயாமி அணியின் லெப்ரான் ஜேம்ஸ். அவர் வலிமை குன்றியவர் அல்லர். அவ்வாட்டத்தின் தலைசிறந்த வீரருள் ஒருவர். அவர் அணி 110-க்கு 95 எனத் தோற்றது. 2012-ஆம் ஆண்டின் இறுதிப்போட்டியிலும் அவரைப் பிடிப்புத் தாக்கியதுண்டு.

இதனோடு ஒத்துப்போகும் ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. நீந்தி, மிதிவண்டி ஓட்டி, பின் நெடுந்தொலைவு ஓடும் போட்டியில் கலந்துகொண்ட 210 பேரைத் தென்னாப்பிரிக்க மருத்துவர் சுவெல்னசும் அவர் குழுவினரும் ஆராய்ந்தனர். பிடிப்புற்றோர் உடலில் நீரும் உப்பும் பிறரினும் குறைந்துவிடவில்லை. பயிற்சியில் பிறரை ஒத்திருந்தும் அவர்கள் மிக விரைந்து சென்றவர்கள், முன்னரும் பிடிப்புற்றவர்கள்.

தசைக்குள் அதன் நீட்சியை அளந்து, ‘சுருங்குக’ எனத் தூண்டும் நுண்ணுறுப்புகள் உள்ளன. தசையை எலும்போடு பிணைக்கும் நாணிலோ, ‘போதும், தளர்க’ எனத் தடுப்பவை உள்ளன. இவற்றைக் கண்டறிந்தவர் இத்தாலியரான கால்கி. களைப்பு மிகுந்தால் தூண்டும் குரல் ஓங்கும். தடுக்கும் குரல் தாழும். தசை இறுகுவது இதனாலேயே என்பது இன்றைய அறிஞர் பலர் கொள்கை. இதுவும் முடிந்த முடிபு அன்று; கடுவெப்பத்தில் நெடுநேரம் உழைப்போர்க்கு உப்பின் இழப்பும் காரணமாகலாம்.

எக்காரணமாயினும் முதல் உதவி ஒன்றே: இறுகிய தசையை மெல்ல நீட்டுதல். நீட்டும்போது நாண் இழுபடுகின்றது. தடுக்கும் உறுப்பு விழித்தெழுகின்றது. கெண்டைக்காலில் பிடித்தவன் உட்கார்ந்து, முழங்காலை நேராக்கி, கால்விரல்களைத் தன்பால் இழுத்து, வலி தணியும்வரை அவ்வாறே இருத்தல் வேண்டும். உடனிருக்கும் நண்பர் வெடுக்கென இழுப்பதும் ஓங்கிக் குத்துவதும் அன்பின் செயலே. ஆனால் தசை கிழியவும் கூடும். வலி நீங்கிய உடனே எழுந்து ஓடுவது வீரம்போல் தோன்றினும், களைத்த தசை அதனை ஏற்பதில்லை, மீண்டும் இறுகிவிடும்.

தொலைவையும் விரைவையும் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழகியவனைப் பிடிப்பு எளிதில் அணுகாது. பழகாத விரைவைப் பந்தய நாளன்று முதன்முதலாகக் காலிடம் கேட்பது முறையோ? உடல் முழுதும் பிடிப்புப் பரவினாலோ, சிறுநீர் கருத்துப்போனாலோ அது நீட்டித் தீர்க்கும் வலி அன்று. அந்நிலையில் மாணவன் அதனை மறைக்காமல் ஆசிரியரிடம் கூறி, அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும்.