விடைத்தாளும் மெய்ப்பும் ஒன்றல்ல

டிசம்பர் பிறந்துவிட்டால் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கத்துப் பதிப்பகங்களில் மேசைதோறும் மெய்ப்புத் தாள்கள் குவிந்துகிடக்கும். ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் அச்சேறியாக வேண்டிய நூல்கள் அவை. மூலப்பிரதியில் விரலை வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் குறியிடுபவரைச் சுற்றித்தான் அந்த அறையின் அவசரம் முழுவதும் நிற்கிறது. நம்பிக் கொடுக்க ஆளில்லை என்ற குறையை அங்கே அடிக்கடி கேட்கலாம். அதே நகரத்தில் சொற்பச் சம்பளத்தில் தனியார் பள்ளிகளில் பணிபுரியும் தமிழாசிரியர்கள் பக்க வருமானம் தேடுகிறார்கள். இரு தரப்பும் சேராமலிருக்க அறிமுகக் குறைவு மட்டும் காரணமல்ல. தமிழ் கற்பிக்கும் தகுதி இருந்தாலே மெய்ப்புப் பார்த்துவிடலாம் என்ற எண்ணம்தான் பெரிய தடை என்பது, இந்த வேலையைக் கவனித்ததில் எனக்குக் கிடைத்த முடிவு.

விடைத்தாள் திருத்தும் கண் பொருளைத் தேடி ஓடும். விடுபட்ட எழுத்தை மனமே நிரப்பிக்கொள்ளும். மெய்ப்பில் எழுத்தெழுத்தாக நிற்க வேண்டும். அதைவிடக் கடினம், கையைக் கட்டிப்போடுவது. நாவலில் ஒரு பாத்திரம் ‘வந்துட்டாக’ என்றால் அது பிழையல்ல. ‘கோயிலா’, ‘கோவிலா’, கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பதில் ஒவ்வொரு பதிப்பகத்துக்கும் ஒரு நடைமுறை உண்டு. அதைக் கேட்டறியாமல் பேனாவை எடுக்கக் கூடாது. கணினி கொண்டுவந்த பிழைகள் தனி வகை. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’ வந்து உட்காரும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் தட்டியிருப்பார்கள், பார்வைக்கு வேறுபாடு தெரியாது, மின்னூலில் தேடினால் ஔவையார் அகப்படமாட்டார். இவை எந்தப் புலவர் பட்டத்திலும் கற்றுத் தரப்படுவதில்லை. ஆனால் ஆசிரியரால் கற்க முடியும். கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டேதான் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியின் மெய்ப்புகளைத் திருத்தி 1887இல் வெளியிட்டார்.

வாணி போன்ற பிழைதிருத்தி மென்பொருள்கள் வந்தபின் ஆள் எதற்கு என்று கேட்கிறார்கள். ‘வேலை கொடு’, ‘வேலைக் கொடு’ இரண்டும் சரியான தமிழ். கேட்டது பணியா, முருகன் கை வேலா என்பதைச் சூழலைப் படிப்பவர்தான் முடிவுசெய்ய வேண்டும். மென்பொருள் முதல் சல்லடை. அதை மறுக்காமல் பயன்படுத்துபவருக்கே நேரம் மிஞ்சும். கூலி குறைவு என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. பக்கக் கணக்கில் பேசும்போது, நான்கு வரிக் கவிதைப் பக்கமும் அடிக்குறிப்பு நெருக்கும் ஆய்வுப் பக்கமும் ஒரே விலைக்குப் போகின்றன. சொல் கணக்கில் பேசுவதே சரி. எத்தனை மெய்ப்பு, மூலத்தோடு ஒப்பிட வேண்டுமா, பணம் எப்போது என்பதையும் தொடங்குமுன் கேட்டுவிட வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நடத்தை விதிகளின்படி முன் அனுமதி பெற்றாக வேண்டும்.

வேலை தேடுவோர் புத்தகக் காட்சி நெரிசலில் போய் நிற்பதில் பயனில்லை. அது முடிந்து அடுத்த பட்டியல் தயாராகும் மாதங்களில், சான்றிதழை நீட்டாமல், சில பக்கங்களைத் திருத்திக் காட்டுங்கள். முழு நூலை இலவசமாகப் பார்த்துத் தராதீர்கள். சொந்தச் செலவில் நூல் போடுபவர்கள், குடமுழுக்கு மலர், பள்ளி ஆண்டு மலர் தயாரிப்பவர்கள் ஆகியோருக்கும் இந்த உதவி தேவைப்படுகிறது. பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அட்டை வடிவமைத்தவர் பெயர் வரும் பக்கத்திலேயே மெய்ப்புப் பார்த்தவர் பெயரையும் அச்சிடுங்கள், நூல் விற்கும்வரை அவர் கூலியை நிறுத்திவைக்காதீர்கள்.