உழைத்த கையின் அரிப்பு

2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் ஊர் இது. சுற்றியுள்ள தோட்டங்களில் தழும்பில்லாத கைகாலைப் பார்ப்பது அபூர்வம். செம்பனை மட்டையின் முள் கிழித்த முன்னங்கால், பால்வெட்டுக் கத்தி நழுவிய பெருவிரல், மோட்டார் சைக்கிள் எக்ஸோஸ் சுட்ட கெண்டைக்கால். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை 1917இல் நடப்பட்டது இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான். ஆனாலும் எங்கள் பெரியவர்களின் உடம்பில் இருப்பவை பெரும்பாலும் ரப்பர் தந்த காயங்கள்.

பால் வெட்டியவர்களுக்குத் தோலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பட்டையை மட்டும் மெல்லச் சீவினால் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வழவழவென்று வளரும். அதே இடத்தில் மறுபடி வெட்டலாம். கத்தி ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் மூடும். கங்காணியின் ஏச்சு வேறு. மனிதத் தோலும் அப்படியே. மேல்தோல் உராய்ந்தால் சுவடில்லாமல் ஆறும். உள்தோலின் ஆழம்வரை போன காயத்தை உடம்பு கொலாஜன் நாரைப் போட்டு அவசரமாக அடைக்கும். அது இளகி வெளுத்து அமைய ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். அதன் பிறகும் பழைய தோலின் பலத்தில் 80 விழுக்காடு அளவுதான் திரும்பும்.

சிகிச்சைக்கு நல்ல காலம் அந்த முதல் வருடமே. காயம் மூடியதும் சிலிக்கோன் ஒட்டுத்தாளை ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதங்கள் போட்டுவர வேண்டும். வெயில் படாமல் மூடிவைக்க வேண்டும். வைட்டமின் ஈ எண்ணெயை நம்பித் தேய்ப்பவர்கள் ஏராளம். 1999இல் வெளிவந்த ஓர் ஆய்வில் அதனால் தழும்புக்குப் பலனில்லை; தடவியவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமைதான் வந்தது. எனக்கு அதைவிடப் பயம் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் வெளுப்புக் கிரீம்கள். பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்தவை என்று சுகாதார அமைச்சின் மருந்துப் பிரிவு பலமுறை எச்சரித்தும், கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் அவை தீர்ந்தபாடில்லை.

என் பெரியம்மா ரப்பர் ஆலையில், பால் உறைய ஃபார்மிக் ஆசிட் கலக்கும் வேலையில் இருந்தார். ஒருநாள் வாளி சரிந்து இடது கையில் கொட்டிவிட்டது. தோட்டத்து டிரஸ்ஸர் மஞ்சள் மருந்து தடவிக் கட்டுப் போட்டார். கட்டு அவிழ்வதற்குள் பெரியம்மா பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய்விட்டார். முழங்கையின் உள்மடிப்பில் தழும்பு கயிறு போலத் தடித்து, கையை முழுதாக நீட்ட முடியாமல் இழுத்துக்கொண்டது. அதற்குக் கீழே காயத்தின் எல்லையையும் தாண்டிப் பளபளவென்று ஒரு மேடு வளர்ந்தது.

கோயில் மேடைகளில் "தழும்பேறிய கைகள்" என்று எங்கள் பெண்களைப் புகழ்ந்து பேசுவார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்குக் கசக்கும். ராத்திரியில் பெரியம்மா அந்தக் கையைக் கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

"அரிக்குதா பெரியம்மா?"

"அரிக்காம என்னப்பா. வெயில்ல நின்னா எரியும். இதைப் போயி யாருகிட்ட சொல்றது?"

அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கித் தோல் நிபுணரிடம் காட்டினோம். மேட்டுத் தழும்பின் பெயர் கீலாய்ட். கருந்தோலில் அதிகம் வரும். வெட்டி எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் பெரும்பாலும் திரும்ப வளரும். அதனால் டிரையாம்சினலோன் ஊசியைத் தழும்புக்குள்ளேயே போட்டார்கள். சில வாரங்கள் இடைவெளி விட்டு மறுபடியும் போட்டார்கள். மேடு மெல்லத் தணிந்தது. அரிப்பு நின்றபோது பெரியம்மா முதன்முறையாக விடியும்வரை தூங்கினார். இழுத்துப் பிடித்த முழங்கையையும் அறுவை செய்து விடுவித்து, தொடைத்தோலை எடுத்து ஒட்டலாமாம். எத்தனை ஆண்டு பழையதானாலும் முடியுமாம்.

தோலின் நிறம் மட்டும் பழையபடி ஆகாது என்று டாக்டர் தயங்கியபடி சொன்னார்.

"கலரை வெச்சு நான் என்ன செய்ய? கையை நீட்டிக் கொடியில துணி போடணும் டாக்டர்" என்றார் பெரியம்மா.

அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். செய்தி தெரிந்த பக்கத்து வீட்டு அக்கா, ஒட்டிப்போன தன் விரல்களைக் காட்டி, எந்தக் கவுண்டரில் பதிய வேண்டும் என்று கேட்டு எழுதிவாங்கிப் போனார்.