காலத்தின் அகலம்

பொட்டி தட்டறவனுக்கு "காலம்"னா ரெண்டு. ஒண்ணு கடிகாரத்துல ஓடறது. இன்னொண்ணு அட்டவணையில மேலிருந்து கீழா ஓடற பத்தி. ரெண்டாவதை நான் குறைச்சலா அளந்த கதை இது :-)

2022ல மாமாவுக்காக ஒரு சின்ன பக்கம் எழுதினேன். ஈரோடு, பெருந்துறை, கோபிசெட்டிபாளையம் மார்க்கெட்ல மஞ்சள் என்ன விலை. விரலி எவ்வளவு, கிழங்கு எவ்வளவு, குவிண்டாலுக்கு. மாமா செல்போன்லயே பார்த்துக்குவார். அறுவடை பண்ணின மஞ்சளை விக்காம, பத்தாயிரம் தாண்டட்டும்னு குடோன்ல போட்டு வெச்சிருந்த மனுஷன் அவர்.

செல்போன் திரை சின்னது. அதனால காலத்தோட அகலத்தை புரோகிராமே கணக்குப் போடற மாதிரி எழுதினேன். ஊர்ப்பேர்ல எத்தனை எழுத்தோ அத்தனை அகலம். இங்கதான் முதல் சறுக்கல். கோபிசெட்டிபாளையம்னா நமக்கு ஒன்பது எழுத்து. ஜாவாஸ்கிரிப்டை லெங்த் கேட்டா பதினேழுங்கும். கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் யுனிகோடு தனித்தனியா எண்ணுது. புள்ளி அகலத்துல இடமே அடைக்காதுன்னு அதுக்குத் தெரியுமா? ஊர்ப்பேர் காலம் ஊதிப்போச்சு. மிச்சம் இருந்த இடத்துல விலைக்கு நாலு இலக்கம்தான் கிடைச்சது. அந்த வருஷ விலையெல்லாம் நாலு இலக்கம்தானே, போதும்னு விட்டுட்டேன். அட்டவணை லட்சணமா இருக்கணும்னு லேஅவுட் ஃபிக்ஸட், ஓவர்ஃப்ளோ ஹிட்டன் வேற. அதாவது, இடம் பத்தலைன்னா சத்தமில்லாம வெட்டிடு!

2023 ஜூலையில விலை பத்தாயிரம் தாண்டுச்சு. மாமா போன் பண்ணினார்.

"ஏன் மாப்ள, ஊரே பத்தாயிரம்ங்குது, உன்ற பொட்டி 1050-ங்குது?"

10509ல கடைசி 9 மறைஞ்சிருந்தது. ஆயிரத்துக்குப் பக்கத்துல காற்புள்ளி போட்டிருந்தாலாவது 10,50ன்னு அசிங்கமா தெரிஞ்சு காட்டிக் கொடுத்திருக்கும். அதையும் இடத்தை மிச்சம் பிடிக்க எடுத்திருந்தேன்.

மாமா சிரிச்சார். எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. அவர் எந்த நாளுக்காக காத்திருந்தாரோ, சரியா அன்னிக்குத்தான் என் காலம் பொய் சொல்லுது. இத்தனைக்கும் 2010 கடைசியிலயே ஈரோட்டுல மஞ்சள் பதினஞ்சாயிரத்தைத் தாண்டியிருக்கு. நான் ஒரு வருஷ விலையை மட்டும் பார்த்து அகலம் வெச்சிருக்கேன்.

எக்செல்லைத் திட்டாதவன் கிடையாது. ஆனா எண்ணுக்கு இடம் பத்தலைன்னா அது ##### போடும். பார்க்க எரிச்சல்தான். ஆனா, "எனக்கு இடம் போதலை"ன்னு நேர்மையா சொல்லிடுது. பேரை வெட்டினா பாதிப்பேர் தெரியும். எண்ணை வெட்டினா வேற எண் ஆயிடும்.

அன்னிக்கு ராத்திரியே மாத்தினேன். ஃபிக்ஸட் போய் ஆட்டோ வந்துச்சு. எழுத்தை எண்ணறதை விட்டுட்டேன். விலைக் காலத்துக்கு அகலம் ch அளவுல, அதாவது ஒரு பூஜ்ஜியம் எவ்வளவு இடம் எடுக்குமோ அந்தக் கணக்குல. அதுவும் குறைஞ்சபட்சம்தான், எண் பெருசானா காலம் தானா விரியும். ஊர்ப்பேர் வேணும்னா ரெண்டு வரியா மடங்கிக்கட்டும். சோதனைக்கு 100000 போட்டுப் பார்த்தேன். உக்காந்துச்சு.

மாமாகிட்டக் காட்டினேன்.

"லட்சம் வருமா மாப்ள?"

"தெரியலீங்க மாமா. வந்தா இடம் இருக்குதுங்க."