சேதுக்கரையில் ஒரு வாசல்

இராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் மேலே பார்த்தபடியே நடக்கிறார்கள். பாம்பனில் பாலத்தைப் பார்க்கிறார்கள். கோயிலுக்குள் வந்தால் மூன்றாம் பிராகாரத்தின் 1,212 தூண்களையும், அவற்றின் மேலே ஓடும் விதானத்தையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். கழுத்து வலித்தால் வெளியே வந்து ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பார்க்கிறார்கள். நியாயந்தான். ஆனால் இந்த வாரம் உங்களை நான் அழைத்துப் போவது கீழே பார்ப்பதற்காக. இந்தக் கரையோர ஊர்களில் ஜனங்கள் வீட்டு வாசலையும் கொல்லையையும் எதைக் கொண்டு மூடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போவோம், வாருங்கள்.

"தரையைப் பார்ப்பதற்கா இத்தனை தூரம் ரயில் செலவு?" என்று உங்கள் வீட்டு அம்மாள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள் கடைசியில் கையில் பணம் தீர்ந்துபோகிற சமயத்தில் ஒரு கேள்விக்கு வந்து நிற்பார்கள்: வாசலுக்குக் கான்கிரீட் போடுவதா, பேவர் பிளாக் பதிப்பதா? மதுரையிலும் சென்னையிலும் இது பணத்தையும் அழகையும் பொறுத்த சமாசாரம். இங்கே அது குடத்தில் என்ன தண்ணீர் வரும் என்பதைப் பொறுத்த சமாசாரம்.

இராமநாதபுரத்தில் இறங்கினால் முதலில் சேதுபதிகளின் இராமலிங்க விலாசம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக எழுந்த மாளிகை. அங்கிருந்து தெற்கே கீழக்கரைக்குப் போனால், பழைய வீடுகளில் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லையே சுவரில் காணலாம். இராமேசுவரத்தில் அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த பள்ளிவாசல் தெரு வீடுகூடச் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டியதுதான். அந்தக் காலத்தில் வீட்டுக்குள் காரைத் தளம், வாசலில் மணல். விடியற்காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கினால் மணல் படிந்து கிடக்கும். கோலத்துக்கு மட்டும் ஒரு துண்டு இடத்தைச் சாணம் போட்டு மெழுகிக்கொள்வார்கள். மழை பெய்தால் அரை மணி நேரத்தில் வாசல் காய்ந்துவிடும். தண்ணீர் எங்கே போயிற்று என்று யாரும் கேட்டதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பவளக் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்குமாக மன்னார் வளைகுடாவில் அதை வெட்டி வெட்டி எடுத்ததில், அங்கே இருந்த தீவுகளில் இரண்டு தண்ணீருக்குள் அமிழ்ந்தே போயின. 1986-இல் இப்பகுதியைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001-இல் பவளத்தையே வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டு வந்தார்கள். ஆகவே, "பாட்டனார் போட்ட மாதிரியே கடல் கல்லும் சுண்ணாம்பும் போடலாமே" என்று யாராவது யோசனை சொன்னால், அவரை மரியாதையாக வழியனுப்பிவிடுங்கள். நமக்கு மிஞ்சியிருப்பது சிமெண்டுதான். அதை ஒரே பாளமாகக் கொட்டுவதா, துண்டு துண்டாகப் பதிப்பதா என்பதே கேள்வி.

மண்டபம் தாண்டிப் பாம்பனைக் கடக்கும்போது முகத்தில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டுகிறதே, அதுதான் இந்த ஊரின் முதல் பாடம். அந்த உப்புக் காற்றோடு 1914 முதல் மல்லுக்கு நின்ற பழைய ரயில் பாலம், 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்திலிருந்து ஓய்வு பெற்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் கான்கிரீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது. இரும்பு துருவாக மாறும்போது முன்னைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கான்கிரீட்டுக்குள் அகப்பட்ட கம்பி அப்படிப் பெருத்தால், மேலே உள்ள கான்கிரீட் வெடித்துப் பொருக்குப் பொருக்காக உதிரும். கரையோரத்து வீடுகளில் மாடி விளிம்பைப் பாருங்கள்; சிவப்புக் கோடும் கீறலுமாக இருக்கும்.

இந்தப் பாடத்தைப் பாதி கேட்டவர்கள் வாசலுக்கும் கம்பி கட்டுகிறார்கள்! "கெட்டியாக இருக்கட்டும்" என்று. நாலு பேர் நடந்து, ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்துக்குக் கம்பி எதற்கு? கம்பி இல்லாத நாலங்குலக் கான்கிரீட், எட்டுப் பத்தடிக்கு ஒரு காடி வெட்டிவிட்டால், துருவுக்குப் பயப்படாமல் கிடக்கும். காடி வெட்டாவிட்டால் அது தானாகவே கோடு போட்டுக்கொள்ளும். அந்தக் கோடு உங்கள் இஷ்டப்படி நேராகப் போகாது.

தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டு வாசலில் வேலை நடந்துகொண்டிருந்தது. ரசமட்டமும் கையுமாக இருந்த கொத்தனாரிடம், "கொத்தனாரே, இங்கே எது நிலைக்கும்? கான்கிரீட்டா, பேவர் பிளாக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் நிலைக்கும் சார், நல்ல தண்ணி கிடைச்சா" என்றார். "சிமெண்டுக்குக் கடைக்காரர்கிட்டே கடன் சொல்லலாம். நல்ல தண்ணிக்கு யார்கிட்டே கடன் சொல்றது?"

அவர் சொன்னது விளையாட்டுக்கல்ல. கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் எவ்வளவு உப்பு இருக்கலாம் என்பதற்கு இந்தியத் தர விதி உண்டு. கம்பி போட்ட வேலை என்றால் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது. கம்பி இல்லாத வேலைக்கு 2,000 வரை போகலாம். கடல் நீரிலோ கிட்டத்தட்ட 19,000! தீவில் பல கிணறுகள் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் எங்கேயாவது ஊசலாடும். கலந்தபின் ஏழு நாள், பத்து நாள் என்று தளத்தை நனைத்தே வைக்க வேண்டும். குடம் கணக்கில் தண்ணீர் வாங்கும் வீட்டில் வாசலுக்கு யார் பத்து நாள் தண்ணீர் ஊற்றுவார்கள்? மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். மேல்தோல் மாவாக உதிர ஆரம்பிக்கும். பேவர் பிளாக்குக்கு இந்தச் சௌகரியம் உண்டு: பட்டறையிலேயே குளித்துவிட்டு வருகிறது. ஆனால் பட்டறைக்காரரும் குளிப்பாட்டினாரா என்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டால் தாகம் எடுத்தவன்போல் உடனே உறிஞ்சக்கூடாது. உறிஞ்சுகிற கல் நாளைக்கு உப்பையும் உறிஞ்சிப் பொரிந்துபோகும்.

சரி, இப்போது கோயிலுக்கு வருவோம். தீர்த்தமாடுகிறவர்கள் பின்னால் நாமும் வாளிக்குத் தலையைக் கொடுத்தபடி ஓடினால், உள்ளே இருக்கும் 22 தீர்த்தங்களில் பெரும்பாலானவை கிணறுகள் என்பது தெரியும். நாலு பக்கமும் உப்புக் கடல். கோயில் வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அக்னி தீர்த்தம் என்று சமுத்திரமே நிற்கிறது. உள்ளே கிணற்றுத் தண்ணீரோ வாயில் விட்டால் கரிக்கவில்லை! யாத்ரீகர்களுக்கு இது மகிமை. பூமி சாஸ்திரம் படித்தவர்கள் இதற்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தனுஷ்கோடிக்குப் போக வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் ஊரே போய்விட்ட கதை உங்களுக்குத் தெரியும். 2017 முதல் அரிச்சல்முனை வரைக்கும் நல்ல சாலை இருக்கிறது. இடிந்த மாதா கோயிலின் பவளக் கல் சுவரைப் படம் பிடித்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கொஞ்சம் நின்று, குடிசைகளின் பக்கம் பாருங்கள். கடல் அலை காலில் படுகிற தூரத்தில் மணலைத் தோண்டி ஊற்று வைத்திருக்கிறார்கள். ஒரு வயதான அம்மாள் கொட்டாங்கச்சியால் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, நானும் கொஞ்சம் குடிக்கலாமா?"

"குடி தம்பி. மெல்ல மொள்ளு. அவசரப்பட்டு அள்ளினா அடியிலேயிருந்து உப்பு ஏறிடும்."

ஐரோப்பாவில் இரண்டு பேர் தனித்தனியே கண்டுபிடித்துப் பெயர் வாங்கிய விதியை அந்த அம்மாள் ஒரு வரியில் சொல்லிவிட்டார். டச்சுக்காரரான பாடோன் கைபன் 1888 வாக்கிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901-லும் சொன்னது இதுதான்: மழை நீர் மணலில் இறங்கிக் கடல் நீரின்மேல் மிதக்கிறது. மழை நீர் எடை குறைவு. கடல் நீர் எடை அதிகம். மணலுக்குள் நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு ஓரடி மேலே நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பதடி போயிற்று!

மேலே அந்த ஓரடியை வைத்திருப்பது யார்? ஐப்பசி, கார்த்திகை மழையும், அதை விழுங்கும் மணல் வாசல்களும்தாம். இந்த ஜில்லாவில் வருஷத்துக்கு எண்ணூறு மில்லிமீட்டர் சொச்சம் மழை. இருபதடிக்கு முப்பதடி வாசல் என்றால் அதன்மேல் மட்டும் ஏறக்குறைய 45 ஆயிரம் லிட்டர் விழுகிறது. குடத்துக்குப் பதினைந்து லிட்டர் வைத்தால் மூவாயிரம் குடம். வெயில் குடித்தது போக மிச்சம் மணலுக்குள் இறங்கி உங்கள் கிணற்றுக்கு வந்து சேரும். அந்த வாசலைக் கான்கிரீட்டால் மூடித் தெருப்பக்கம் வாட்டம் விட்டுவிட்டால் அத்தனையும் சாக்கடை வழியே கடலுக்கு. ஒரு வீடு செய்தால் ஒன்றும் தெரியாது. தெரு முழுக்கச் செய்தால் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது.

2003-இல் தமிழ்நாட்டில் மழை நீர் சேமிப்பைக் கட்டாயமாக்கியபோது மாடித் தண்ணீருக்குக் குழாய் வைத்தோம். வாசலை மறந்துவிட்டோம்.

அப்படியானால் பேவர் பிளாக்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிடலாமா? பாதிதான் சரி. இந்தக் கல்லின் பூர்வீகமும் ஹாலந்துதான். அங்கே கடலோர மணலிலும் சேற்றிலும் தெருக்களுக்குச் செங்கல் பரப்புவது பழைய வழக்கம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு செங்கல்லுக்குத் தட்டுப்பாடு வரவே, சிமெண்டில் கல் வார்த்தார்கள். (கீழக்கரையில் ஒரு காலத்தில் வர்த்தகக் கொட்டடி வைத்திருந்த அதே டச்சுக்காரர்கள். நம்மிடம் முத்தும் சங்கும் பார்த்தவர்கள் இதையாவது திருப்பிக் கொடுத்தார்களே.) தரை இறங்கினால் கல்லை எடுத்து, மணலைச் சரி செய்து, அதே கல்லை மறுபடி வைப்பதுதான் அவர்கள் முறை. தென்னை வேர் தூக்கினாலும், தண்ணீர்க் குழாய் உடைந்தாலும் நாமும் அப்படியே செய்யலாம். கான்கிரீட்டை உடைக்க ஆள் பிடிக்க வேண்டாம்.

ஆனால் நம்மூரில் என்ன செய்கிறார்கள்? முதலில் கான்கிரீட் போட்டு, அதன்மேல் பேவர் பதித்து, இடுக்கில் சிமெண்டுப் பால் ஊற்றுகிறார்கள். இதைவிடக் கான்கிரீட்டோடு நிறுத்தியிருந்தால் பணமாவது மிஞ்சியிருக்கும். கல் மணல்மேல் உட்கார வேண்டும். அடியில் சரளை போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தி, அதன்மேல் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட் பரப்ப வேண்டும். கடல் மணல் இலவசம் என்று பரப்பினால் கல் முழுக்க வெள்ளை பூத்துவிடும். நாலு ஓரத்திலும் கல் நகராதபடி கான்கிரீட் கரை கட்டாயம். நடக்கிற இடத்துக்கு 50 மில்லிமீட்டர் கனம் போதும். கார் வந்து போனால் 60 வேண்டும். இடுக்கு மணலை ஆடி மாதக் காற்று கொண்டு போய்விடும். வருஷத்துக்கு ஒரு முறை மணல் தூவிப் பெருக்கத்தான் வேண்டும். தூசி அடைத்துக்கொண்டால் அதன் வழியே தண்ணீர் இறங்குவதும் குறையும். ஆகவே கல்லுக்கு நடுவே அங்கங்கே திறந்த மணலோ, புல் வளரும் ஓட்டைக் கல்லோ விட்டுவைப்பது உத்தமம்.

கான்கிரீட்டுக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. கிணற்றைச் சுற்றி அதுதான் வேண்டும். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் கல் இடுக்கு வழியே திரும்பக் கிணற்றுக்குள் இறங்கக் கூடாதல்லவா? துணி துவைக்கும் இடம், மீன் கழுவும் இடம் இவற்றுக்கும் கான்கிரீட்தான். வாட்டத்தைத் தென்னைப் பாத்திக்கு விடுங்கள். மீன் உலர்த்தும் வீடுகளில் ஒரு களம் அளவுக்கு வழவழப்பான தளம் இல்லாமல் முடியாது. கல் இடுக்கில் செதிள் சிக்கினால் ஈயும் எறும்பும் குடிவந்துவிடும்.

நான் பார்த்த வாசல்களில் எனக்குப் பிடித்தது பாம்பன் பக்கத்தில் ஒன்று. கிணற்றைச் சுற்றி வட்டமாகக் கான்கிரீட்; படலையிலிருந்து படி வரைக்கும் நாலடி அகலத்துக்குப் பேவர்; மீதியெல்லாம் பழையபடி வெறும் மணல், ஓரத்தில் இரண்டு தென்னை. எல்லாவற்றிலும் செலவு குறைந்ததும் அதுதான். அந்த வீட்டு அம்மாளுக்கு ஒரே ஒரு குறை: பேவர் இடுக்கில் கோலப் புள்ளி விழுந்து தொலைகிறதாம். அதற்காகப் படியடியில் மூன்றடிச் சதுரம் கான்கிரீட் கேட்டிருக்கிறார். கொடுக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

நீங்களும் இந்தக் கரையில் வீடு கட்டுகிறவரானால் தள வேலையை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் காற்றுக் காலம். கலவையில் எவ்வளவு மணல் சேர்ப்பது என்று கொத்தனாருக்குப் பதிலாகக் காற்று தீர்மானிக்கும்.