150 கிணறுகளின் மேல் ஒரு தேவாலயம்



போன வாரம் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் என் பழைய மாணவி ஒருத்தியின் மகளுக்குத் திருமணம். முன்வரிசையில் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாள். ஆனால் நான் மணமக்களை விடத் தரையைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன டீச்சர் தேடறீங்க?" என்று கேட்டாள். கல்யாண வீட்டில் சொல்கிற விஷயம் இல்லை என்று சிரித்து மழுப்பிவிட்டேன். இங்கே சொல்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் தேவாலயத்தைப் பற்றி. பழைய சென்னைவாசிகளுக்கு அது 'கிர்க்'. ஸ்காட்லாந்துக்காரர்கள் தேவாலயத்தை அப்படித்தான் சொல்வார்கள். அவர்கள் பிரஸ்பிட்டேரியன் சபையினர். பேராயர் ஒருவர் மேலே இருந்து ஆளாமல், மூப்பர்கள் கூடிப் பேசிச் சபையை நடத்துவது அவர்கள் வழக்கம். கம்பெனிக் காலத்துச் சென்னையில் ஸ்காட்லாந்துச் சிப்பாய்களும் வியாபாரிகளும் நிறையப் பேர் இருந்தும், அவர்கள் சபைக்கென்று குருவானவர் கிடையாது. 1813-இல் கம்பெனியின் பட்டயம் புதுப்பிக்கப்பட்ட பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. 1818-இல் அடிக்கல் நாட்டி, 1821 பிப்ரவரியில் கோயிலைத் திறந்தார்கள். கட்டியவர் மேஜர் தாமஸ் டி ஹாவிலண்ட். வட்டமான கூடம், 16 தூண்கள், அவற்றின் மேல் நீல நிறக் குவிமாடம். அண்ணாந்து பார்த்தால் இரவு வானம் போல இருக்கும்.

எழும்பூர் மண் அந்தப் பாரத்தைத் தாங்காது. அதனால் நம் ஊர் முறையில் 150 கிணறுகள் இறக்கி, அவற்றையே அஸ்திவாரமாக்கினார்கள்.

இது எனக்கு முதலில் வெறும் பொது அறிவுச் செய்தியாகத்தான் இருந்தது. 1987-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது ரயிலுக்கு நேரம் இருந்ததால் கிர்க்குக்கும் நடத்திக் கூட்டிப் போனேன். கிணறு விஷயத்தைச் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். "கிணத்து மேல கட்டினா உள்ள விழுந்துடாதா டீச்சர்?"

கடைசியில் நின்ற ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பில் வாயே திறக்காதவன். அவன் அப்பா கிணறு வெட்டுகிறவர்.

"விழாது டீச்சர். உறை இறக்கியிருப்பாங்க. எங்கப்பா உறைக்குள்ள நின்னுக்கிட்டு சுத்தி ஒரே சமமா மண்ணு எடுப்பாரு. எடுக்க எடுக்க உறை தன் பாரத்துல தானா இறங்கும். ஒரு பக்கம் கூட எடுத்துட்டா சாஞ்சிடும். கெட்டி மண்ணு தட்டுற வரைக்கும் இறக்கிட்டு உள்ள கல்லும் செங்கல்லும் போட்டு இடிச்சா அசையாது."

பிறகு கேட்டான்: "இத வெட்டினவங்க பேரு எங்க டீச்சர் எழுதியிருக்கு?"

நான் டி ஹாவிலண்ட் பெயரைச் சொன்னேன்.

"அவரா வெட்டினாரு?"

எனக்குப் பதில் வரவில்லை. "வரிசையில நில்லு" என்று அதட்டினேன்.

இனிமேல் சொல்லப் போவதுதான் இத்தனை வருடமாக நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது. அந்தப் பயணத்துக்குப் பத்து நாள் முன்புதான், வாய்ப்பாடு தப்பாகச் சொன்னதற்காக, "நீ உங்கப்பனைப் போலக் குழி தோண்டத்தான் லாயக்கு" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் அவனைச் சொல்லியிருந்தேன். அவன் மறுத்துப் பேசவில்லை. கிர்க்கில் அவன் விளக்கிச் சொன்னபோது நான் பாராட்டவும் இல்லை. அடுத்த ஆண்டு அவன் ஆறாம் வகுப்பில் சேரவில்லை. என் சொல்தான் காரணமா, வீட்டுக் கஷ்டமா என்று நான் போய்க் கேட்கவும் இல்லை.

பணி ஓய்வுக்குப் பிறகு இந்தச் சபையின் வரலாற்றைப் படித்தேன். கிர்க்கின் குருமார் இருவர் 1835-இல் எழும்பூரில் ஒரு சிறு பள்ளி தொடங்கினார்கள். 1837-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் அதை ஏற்று நடத்தினார். பின்னாளில் சென்னை கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். ஆண்டர்சன் பள்ளியில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்தபோது, அவர்களை வெளியே அனுப்பச் சொல்லி மற்றப் பெற்றோர் வற்புறுத்தினார்கள். அவர் மறுத்துவிட்டார். பலர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள், அப்போதும் அவர் இறங்கி வரவில்லை. பள்ளியே காலியானாலும் ஒரு பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று நின்ற ஆசிரியர் ஒருவர். ஒரு வாய்ப்பாட்டுக்காக ஒரு பிள்ளையைக் கூசவைத்த ஆசிரியை நான். அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பிற்பாடு கிர்க்கும் அதில் சேர்ந்தது. ஸ்காட்லாந்துக்காரர்கள் போய்விட்டார்கள். இன்று அங்கே கூடுகிறவர்கள் நம் மக்கள். 200 வருடம் தாண்டியும் கட்டடம் சாயாமல் நிற்கிறது. கீழே சமமாக மண் எடுத்தவர்களின் பெயர் இன்றும் எனக்குத் தெரியாது.

1987-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று புரிந்திருக்கும். பெயரை இங்கே எழுத வேண்டாம். அவன் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அவனுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்கியிருக்கும். நானே நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்